பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல்: எந்தத் தீவனச் சேர்க்கை எங்கே வேலை செய்கிறது?

பெரும்பாலும் பால் பிரித்த மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் தொல்லை தொடங்கும். முந்தின நாள் மாலை துள்ளிக்கொண்டிருந்த குட்டி மறுநாள் காலையில் வால்பக்கம் நனைந்து, விலா ஒட்டி, மயிர் சிலிர்த்து மூலையில் நிற்கும். மலம் வெளிர்மஞ்சளாகவோ சாம்பல் கலந்தோ தண்ணீராகப் போகும். இரண்டு நாளில் அந்தக் கூண்டில் பாதிக் குட்டிகளுக்குப் பரவிவிடும். சில குட்டிகள் கழிச்சலே தென்படாமல், உடலின் நீர் முழுவதும் குடலுக்குள் இறங்கிச் செத்துக் கிடப்பதும் உண்டு.

இதற்குத் தீர்வு என்று அமிலம், புரோபயாடிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்), ஈஸ்ட் சுவர், மூலிகை எண்ணெய், களிமண் என ஏகப்பட்ட பொருள்கள் விற்கின்றன. எல்லாப் பைகளிலும் ‘குடல் ஆரோக்கியத்துக்கு’ என்ற ஒரே வாசகம்தான் அச்சிட்டிருக்கும். நோய் வாயில் தொடங்கிக் கழிச்சலில் முடிவதற்குள் பல படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு சேர்க்கையும் அவற்றில் ஏதோ ஒரு படியில் மட்டும் குறுக்கே நிற்கும். எது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால், ஒரே வேலையைச் செய்யும் மூன்று பொருள்களை வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. ஒன்றையொன்று முடக்கும் பொருள்களை ஒரே தீவனத்தில் கொட்டும் தவறும் நேராது.

குட்டியின் வயிற்றில் நடப்பது

இயற்கையில் பன்றிக்குட்டி சில மாதங்களில் மெல்ல மெல்லத்தான் பாலை மறக்கும். பண்ணையில் 21 முதல் 28 நாளுக்குள் ஒரே நாளில் பிரித்துவிடுகிறோம். அன்றோடு மூன்று பாதுகாப்புகள் போய்விடுகின்றன.

பாலில் வந்துகொண்டிருந்த எதிர்ப்பொருள் நிற்கிறது. குட்டி தன் குடலில் தானே போதிய எதிர்ப்பொருள் சுரக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். அடுத்தது இரைப்பையின் புளிப்பு. பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் தருகின்றன. பால் நின்றதும் அந்தப் புளிப்பு குறைகிறது. குட்டியின் இரைப்பை தானாகச் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதுமான அளவுக்கு வளர்ந்திருக்காது. புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். வளர்ந்த பன்றியின் இரைப்பையில் பிஎச் 2 முதல் 3 வரை இருக்கும். புதிதாகப் பிரித்த குட்டிக்கு அது 4-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. தீவனத்தோடும் அழுக்கோடும் உள்ளே போகும் ஈ.கோலி என்ற பாக்டீரியா இரைப்பையில் சாக வேண்டும், ஆனால் உயிரோடு சிறுகுடலுக்கு இறங்கிவிடுகிறது.

மூன்றாவது பசி. பிரித்த 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பாதிக் குட்டிகள்தான் தீவனத்தில் வாய் வைக்கின்றன. சில குட்டிகள் இரண்டு நாள்கூடப் பட்டினி கிடக்கும். குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைக் குடலுக்குள் வரும் தீனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அது வராவிட்டால், குடற்சுவரில் விரல்போல் நீண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் ஒரே நாளில் முக்கால் உயரத்துக்குச் சுருங்கிவிடும். செல்களுக்கு இடையிலான இணைப்பும் தளர்கிறது. பசி தாங்காமல் மூன்றாம் நாள் அள்ளித் தின்னும் குட்டிக்கு அந்தத் தீவனம் செரிக்காது. செரிக்காத புரதம் அப்படியே கிருமிக்குத் தீனியாகப் போய்ச் சேரும்.

இங்கே வேலையைக் காட்டும் கிருமி நச்சு சுரக்கும் ஈ.கோலி. குடலில் வழக்கமாக வாழும் ஈ.கோலியிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடும். குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள இதற்கு மெல்லிய ஒட்டு இழைகள் உண்டு. பன்றியில் முக்கியமானவை எஃப்4 (பழைய பெயர் கே88), எஃப்18 என்ற இரண்டு. ஒட்டிய பிறகு இது நச்சு சுரக்கும். அந்த நச்சு குடற்செல்லில் உப்பை வெளியே தள்ளும் கதவைத் திறந்தே வைத்துவிடுகிறது. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். அதுதான் கழிச்சல்.

எஃப்4 ஒட்டும் இடம் பிறந்த குட்டியிலேயே இருக்கிறது. எஃப்18 ஒட்டும் இடம் வயது கூடக்கூடத்தான் உருவாகிறது. அதனால் எஃப்18 தொல்லை பெரும்பாலும் சற்றுப் பிந்தித்தான் வரும். பரம்பரையிலேயே இந்த ஒட்டிடம் இல்லாத குட்டிகளும் உண்டு. ஒரே கூண்டில் ஒன்று கழிந்து சாக, பக்கத்துக் குட்டி அசையாமல் கொழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் இது ஈ.கோலிதானா என்று பாருங்கள்

எல்லாக் கழிச்சலும் ஒன்றில்லை. ரோட்டா வைரஸ் குடலுறிஞ்சிகளையே தின்றுவிடும், சால்மோனெல்லா காய்ச்சலோடு வரும், இரத்தம் கலந்த மலம் வேறு நோய்களைக் காட்டும். கையில் இருக்கும் எளிய கருவி பிஎச் தாள். புதிய மலத்தில் வைத்தால் ஈ.கோலிக் கழிச்சல் பெரும்பாலும் காரமாக, 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ காட்டும். ரோட்டா வைரஸ்போல் செரிமானம் கெட்டதால் வரும் கழிச்சல் அமிலப் பக்கம் சாயும். இது ஒரு குறிப்பு மட்டுமே. உறுதி வேண்டுமென்றால், கழிச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் இருக்கிற, எந்த மருந்தும் கொடுக்காத நாலைந்து குட்டிகளின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்4, எஃப்18, நச்சு மரபணுக்கள் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் ‘ஈ.கோலி உள்ளது’ என்ற முடிவு பயன்படாது, அது எந்தப் பன்றிக் குடலிலும் உள்ளதுதான்.

கண்ணிமை வீங்கி, தள்ளாடி, கொழுத்த குட்டிகளாகப் பார்த்துச் சாகின்றன என்றால் அது வீக்க நோய். எஃப்18 ஈ.கோலியின் வேறொரு நச்சு இரத்தத்தில் கலந்து செய்வது அது. தீவனச் சேர்க்கைகளை நம்பி அதற்கு நாள் கடத்தக்கூடாது. கால்நடை மருத்துவரும் தடுப்பூசித் திட்டமும்தான் வழி.

இரைப்பையில் நிற்கும் காவல்: அமிலங்கள்

சேர்க்கைகளிலேயே எப்படி வேலை செய்கின்றன என்பது மிகத் தெளிவாகத் தெரிந்தவை கரிம அமிலங்கள். அதிகம் வீணடிக்கப்படுபவையும் அவைதான்.

இவற்றுக்கு இரண்டு வேலை. இரைப்பையின் பிஎச்சை இறக்கினால் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நன்றாக இயங்கும். அதைவிட முக்கியம் இரண்டாவது வேலை: பிரியாத நிலையில் இருக்கும் அமிலம் நுண்ணுயிரின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கே பிரிந்து, கிருமியை உள்ளுக்குள் புளிக்க வைக்கிறது. அதை வெளியேற்றவே கிருமி தன் ஆற்றலையெல்லாம் செலவழித்து ஓய்ந்துபோகும்.

‘பிரியாத நிலை’ என்பதில்தான் கணக்கு இருக்கிறது. பார்மிக் அமிலத்தில் பாதி பிரிந்திருக்கும் புள்ளி பிஎச் 3.75. இரைப்பை பிஎச் 4-ல் இருந்தால் அதில் சுமார் 36 சதவீதம் பிரியாமல் இருக்கும், அங்கே அது கிருமியைத் தாக்கும். சிறுகுடலில் பிஎச் 6-க்கு ஏறியதும் பிரியாத பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே சாதாரணமாகத் தீவனத்தில் கலக்கும் அமிலம் இரைப்பை வாசலில் நிற்கும் காவலாள்தான். உள்ளே நுழைந்துவிட்ட கிருமியைத் துரத்திக்கொண்டு குடல் முழுக்க ஓடாது. குடலுக்குள்ளும் வேலை நடக்க வேண்டும் என்றால் கொழுப்புப் பூச்சு போட்ட அமிலமோ, கிளிசராலோடு பிணைந்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்களோ வேண்டும்.

அளவுகள்: பென்சோயிக் அமிலம் தீவனத்தில் 0.5 சதவீதம், அதாவது டன்னுக்கு 5 கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் பால் மறந்த குட்டிகளுக்கு அனுமதித்த உச்ச அளவும் இதுவே. இதைத் தாண்டுவதால் பயன் இல்லை, கூடினால் வளர்ச்சி குறையும். பார்மிக் அமிலம் 0.5 முதல் 1 சதவீதம், சிட்ரிக் அல்லது ஃபியூமாரிக் அமிலம் 1 முதல் 2 சதவீதம். பார்மிக் அமிலம் திரவமாக இருந்தால் தோலையும் கண்ணையும் சுடும், கலவை இயந்திரத்தை அரிக்கும். கையால் கலக்கும் இடத்தில் பொட்டாசியம் டைபார்மேட், கால்சியம் பார்மேட் போன்ற உப்பு வடிவங்களே உத்தமம். கால்சியம் பார்மேட் தன் அளவுக்குப் பிஎச்சைப் பெரிதாக இறக்காது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

பலர் தவறுவது சுண்ணாம்புத்தூளில். கால்சியத்துக்காகத் தீவனத்தில் சேர்க்கும் 1 கிலோ கால்சியம் கார்பனேட் முழுதாக வினைபுரிந்தால் 920 கிராம் பார்மிக் அமிலத்தை முடக்கிவிடும். டன்னுக்கு 10 கிலோ சுண்ணாம்புத்தூள் போட்டுவிட்டு 5 கிலோ அமிலம் கலந்தால் குட்டியின் இரைப்பைக்கு என்ன மிஞ்சும்? பிரித்த முதல் இரண்டு வாரத் தீவனத்தில் சுண்ணாம்புத்தூளைக் குறைத்து மொத்தக் கால்சியத்தை 0.5 முதல் 0.6 சதவீதத்தில் நிறுத்தலாம். கால்சியத்தின் ஒரு பங்கைக் கால்சியம் பார்மேட்டாகக் கொடுக்கலாம். அதில் சுமார் 31 சதவீதம் கால்சியம். பைட்டேஸ் நொதியை ஒரு கிலோ தீவனத்துக்கு 500 அலகோ சற்றுக் கூடவோ சேர்த்தால் தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸும் கொஞ்சம் கால்சியமும் வெளிவரும். இந்தக் குறைந்த கால்சியம் இரண்டு வாரத்துக்கு மட்டும்தான். நீட்டினால் எலும்பு பலவீனமாகும்.

சோயா புண்ணாக்கும் அமிலத்தை விழுங்கும், தானியங்கள் அவ்வளவு விழுங்குவதில்லை. அமிலம் சேர்த்தும் பலனில்லை என்பவர்களின் தீவனச் சீட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் சுண்ணாம்பும் சோயாவும் தாராளமாக இருக்கும்.

துத்தநாக ஆக்சைடு: நல்ல மருந்து, மோசமான பழக்கம்

பிரித்த பின் 14 நாளுக்குக் கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்கும்படி துத்தநாக ஆக்சைடு கலப்பது பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஆக்சைடில் துத்தநாகம் 80 சதவீதம் என்று கொண்டால் டன்னுக்கு சுமார் 3.1 கிலோ. கழிச்சல் கண்ணெதிரே குறையும். குடற்செல்களுக்கு இடையிலான இணைப்பை அது இறுக்குகிறது, கிருமி ஒட்டுவதையும் குறைக்கிறது.

ஆனால் குட்டியின் உடலுக்குத் தேவையானது கிலோவுக்கு சுமார் 100 மில்லிகிராம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறி மண்ணில் சேர்கிறது. உலோகம் மண்ணில் சிதைந்து மறையாது, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே கிருமியில் சேர்ந்து பயணிப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும். இந்த இரண்டு காரணங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் மாதம் முதல் மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடை நிறுத்திவிட்டது. இப்போது அங்கே குட்டித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகம் 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை அவர்கள் 2006 ஜனவரி 1 முதலே நிறுத்தியிருந்தார்கள். தீவனச் சேர்க்கைகளைப் பற்றி இவ்வளவு பேச்சு எழுந்ததற்கு இந்த இரண்டு கதவுகளும் அடைபட்டது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் நாட்டு விதி அனுமதித்து, நீங்களும் பயன்படுத்துவதாக இருந்தால் மூன்று எச்சரிக்கைகள். 14 நாளைத் தாண்டாதீர்கள். நீண்டால் கல்லீரலும் கணையமும் பாதிக்கும், தீனியும் குறையும். அமிலத்தையும் இதையும் ஒரே தீவனத்தில் சேர்க்காதீர்கள். 3.1 கிலோ துத்தநாக ஆக்சைடு முழுதாகக் கரைந்தால் சுமார் 3.5 கிலோ பார்மிக் அமிலத்தை முடக்கும். துத்தநாகம் இவ்வளவு இருக்கும்போது பைட்டேஸும் முழுப் பலன் தராது, பாஸ்பரஸ் கணக்கில் அதைப் பெரிதாக நம்பாதீர்கள்.

கிருமிக்குத் தீனி போடாதீர்கள்

பையில் விற்காததாலேயே பலர் மறந்துவிடும் ‘சேர்க்கை’ ஒன்று உண்டு. அது புரதத்தைக் குறைப்பது. எதையாவது ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வோம்.

குட்டித் தீவனத்தில் 22 சதவீதம் கச்சாப் புரதம் இருந்தால் அதில் ஒரு பங்கு செரிக்காமல் பின்குடலுக்குப் போகும். அங்கே நுண்ணுயிர்கள் அதை அழுகவைத்து அம்மோனியாவும் குடலை உறுத்தும் அமின்களும் உண்டாக்கும். கச்சாப் புரதத்தை 17–18 சதவீதத்துக்கு இறக்கினால் இந்த அழுகல் குறைகிறது, இரைப்பையில் அமிலமும் மிஞ்சுகிறது. குட்டியின் தேவை அமினோ அமிலங்கள்தான், எனவே குறைத்த புரதத்தை ஆலையில் தயாரான லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன், வேலின் கொண்டு ஈடுகட்ட வேண்டும். செரிக்கும் லைசினை 100 என்று வைத்தால் திரியோனின் 62 முதல் 65, மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 58 முதல் 60, டிரிப்டோபேன் 20 முதல் 22, வேலின் 65 முதல் 68 இருக்கட்டும். திரியோனினைக் கூடுதல் எல்லையில் வையுங்கள். குடலை மூடிக் காக்கும் சளிப்படலம் திரியோனினை ஏராளமாகத் தின்னும், நோய்க் காலத்தில் இன்னும் கூடுதலாக.

அமினோ அமிலங்களைச் சேர்க்காமல் சோயாவை மட்டும் குறைத்தால் கழிச்சல் குறையும், வளர்ச்சியும் படுத்துவிடும். பிறகு ‘குறைந்த புரதம் சரிவராது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். குறைந்த புரதத் தீவனம் இரண்டு மூன்று வாரம் போதும், குட்டி தேறியதும் படிப்படியாக ஏற்றலாம். முதல் கட்டத்தில் சோயா புண்ணாக்கை 20 சதவீதத்துக்குள் நிறுத்துவதும் நல்லது. அதிலுள்ள சில புரதங்கள் இளம் குடலில் ஒவ்வாமையைக் கிளப்பும். மீதிக்கு மீன்தூள், புளிக்கவைத்த சோயா, பால்பொருள்கள்.

நார்ச்சத்திலும் இரு கட்சி உண்டு. ஓட்ஸ் உமி, பெரிதாக உடைத்த கோதுமைத் தவிடு போன்ற கரையாத நார் 2 முதல் 4 சதவீதம் இருந்தால் குடலில் சரக்கு தேங்காமல் நகரும், கிருமி ஒட்டி உட்காரவும் நேரம் குறையும். மாவாக அரைத்தால் இந்தப் பலன் குறைந்துவிடும். உமி நீக்கித் தீட்டிய பார்லிபோல் குடலில் பிசுபிசுப்பை ஏற்றும் நார் எதிர்வேலை செய்யும். ஈ.கோலி இருக்கும் பண்ணையில் கழிச்சலைக் கூட்டும்.

ஒட்டவிடாமல் தடுப்பவை

கிருமி ஒட்டாவிட்டால் நச்சு குடற்செல்லை எட்டுவதற்குள் கிருமி அடித்துச் செல்லப்படும். இந்தப் படியில் நிற்பவற்றில் வலுவானது தெளித்து உலர்த்திய இரத்தப் பிளாஸ்மா. அதில் எதிர்ப்பொருள்கள் சிதையாமல் இருக்கின்றன. முதல் வாரம் 4 முதல் 6 சதவீதம், அடுத்த வாரம் 2 முதல் 3. குட்டி விரும்பித் தின்னும் என்பது பெரிய லாபம். குறைகள்: விலை, மெத்தியோனினும் ஐசோலூசினும் குறைவு, எல்லாவற்றையும்விட மூலப்பொருள் குறித்த அச்சம். பன்றி இரத்தத்தில் தயாரித்தது என்றால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்போன்ற நோய்க்கு வழிவிடுமோ என்று கேட்டே ஆக வேண்டும். எங்கிருந்து, எந்த வெப்பத்தில், எவ்வளவு நாள் தேக்கி வைத்து அனுப்புகிறார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் தொடவே வேண்டாம்.

எஃப்4, எஃப்18-க்கு எதிராகக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு எடுக்கும் முட்டை மஞ்சள்கரு எதிர்ப்பொருளும் இதே வேலைதான். பண்ணையில் இருக்கும் கிருமியும் அந்தப் பொருளும் பொருந்தினால் உதவும். இரைப்பை அமிலத்தில் ஒரு பங்கு சிதைந்துவிடும்.

ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும், மன்னோஸ் என்ற சர்க்கரை கோத்த மன்னன் (mannan) சங்கிலியைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ‘கிருமி குடலுக்குப் பதில் இதில் ஒட்டிக்கொள்ளும்’ என்றுதான் விற்பார்கள். மன்னோஸில் ஒட்டும் வகை 1 இழைகளுக்கு இது உண்மை, சால்மோனெல்லாவிலும் பல ஈ.கோலியிலும் அவை உண்டு. ஆனால் பால் மறந்த குட்டிகளைத் தாக்கும் எஃப்4-ம் எஃப்18-ம் மன்னோஸைப் பிடித்து ஒட்டுவன இல்லை. டன்னுக்கு ஒன்று இரண்டு கிலோ ஈஸ்ட் சுவர் சேர்ப்பதில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அதிலுள்ள பீட்டா குளூக்கன் நோய் எதிர்ப்பைத் தூண்டுவதால் வருவது. அதை எதிர்பார்த்து வாங்கலாம், ஒட்டும் கதையை நம்பி வாங்காதீர்கள்.

புரோபயாடிக் இடத்தைப் பிடிக்கும் போட்டியாளர். கிருமி வருவதற்கு முன்பே அது உள்ளே இருக்க வேண்டும். கழிச்சல் தொடங்கிய பிறகு கொட்டுவது, பேருந்து கிளம்பிய பின் துண்டு போட்டு இடம் பிடிக்கப் பார்ப்பதுதான். தாயோடு இருக்கும்போது கொடுக்கும் முன்தீவனத்திலேயே தொடங்குங்கள். குச்சித் தீவன ஆலையின் 80–90 டிகிரிச் சூட்டில் லாக்டோபேசில்லஸ் செத்துவிடும், பூச்சு போட்டிருந்தால் தவிர. வித்து வடிவிலிருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் தாங்கும். ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 100 கோடி உயிரணுக்கள் இருப்பது பொதுவான அளவு. பையில் ஒரு கிராமுக்கு 200 கோடி என்று இருந்தால் டன்னுக்கு வேண்டிய ஒரு லட்சம் கோடியை 500 கிராம் தந்துவிடும். ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தில் புரோபயாடிக் சேர்ப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது.

மற்றவை சுருக்கமாக. பூச்சு போட்ட சோடியம் பியூட்டிரேட், டன்னுக்கு 1 முதல் 3 கிலோ, குடற்செல்களுக்கு எரிபொருளாகிக் குடலுறிஞ்சிகள் மீள உதவும். குளூட்டமைன் 1 சதவீதமும் அதே பக்கம்தான், விலைதான் கூடுதல். கார்வக்ரோல், தைமால், சின்னமால்டிஹைடு போன்ற எண்ணெய்ப் பொருள்கள் கண்ணாடிக் குழாயில் கிருமியைக் கொல்லும். ஆனால் பூச்சு இல்லாவிட்டால் தொடக்கக் குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், சூட்டில் ஆவியாகியும் போகும். ஸ்மெக்டைட் வகைக் களிமண் 0.3 சதவீதம் நச்சைப் பிடித்துவைத்து மலத்தை இறுக்கும், உடன் கொடுக்கும் மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மருந்து நாளில் நிறுத்த வேண்டும். தாமிரம் வளர்ச்சிக்குக் கைகொடுக்கும், ஆனால் அதன் கதையும் துத்தநாகம்போல் மண்ணில்தான் முடிகிறது.

கழியும் குட்டி தீவனம் தின்னாது

எல்லா அளவுகளும் தீவனக் கிலோவுக்குச் சொல்லப்படுகின்றன. 7 கிலோக் குட்டி முதல் வாரத்தில் நாளைக்கு 100 முதல் 200 கிராம்தான் தின்னும். 150 கிராம் தின்றால் 0.5 சதவீத அமிலத்தில் அதற்குக் கிடைப்பது முக்கால் கிராம். நோயுற்ற குட்டி 30 கிராம் தின்றால் அதுவும் இல்லை. அப்போது குட்டி விடாமல் தேடுவது தண்ணீரைத்தான்.

நச்சு உப்புக் கதவைத் திறந்துவிட்டாலும் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும் வாசல் கெடுவதில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பலிப்பது அதனால்தான். மனிதருக்காக உலக சுகாதார நிறுவனம் முன்பு பரிந்துரைத்த கலவை இங்கும் பொருந்தும்: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். தினமும் புதிதாகக் கரைத்து, ஆழமில்லாத தட்டில், நாளைக்குப் பல தடவை வையுங்கள். பக்கத்தில் சாதாரணத் தண்ணீரும் இருந்தே ஆக வேண்டும். கரைசலைக் கெட்டியாக்கி, தண்ணீரையும் நிறுத்தினால் உப்பு நஞ்சாகிவிடும்.

தண்ணீரில் அமிலம் கொடுப்பதாக இருந்தால் பைச்சீட்டு அளவை அப்படியே போடாதீர்கள். கடினத் தண்ணீர் அமிலத்தை விழுங்கும். உங்கள் தண்ணீர் 10 லிட்டரை வாளியில் எடுத்து, மில்லிமில்லியாக அமிலம் விட்டு, பிஎச் 4-ஐ எட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 மில்லி பிடித்தால் 1,000 லிட்டர் தொட்டிக்கு 1 லிட்டர். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீர் விடக்கூடாது. முதல் நாளே 4-க்கு இறக்கினால் குட்டி குடிக்க மறுக்கும், மூன்று நாளில் படிப்படியாக இறக்குங்கள். பழைய குழாயில் படிந்த வழுவழுப்பை அமிலம் பெயர்த்துக்கொண்டு வந்து, குட்டி தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும். அதனால் குட்டி வருமுன் குழாயைக் கழுவி, ஒவ்வொரு நிப்பிளிலும் நிமிடத்துக்கு அரை லிட்டராவது வருகிறதா என்று அளந்து பாருங்கள். கழிச்சலுக்கு ஆயிரம் காரணம் தேடுபவர்கள் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்வதில்லை.

கலப்பதும் சோதிப்பதும்

சேர்ப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு கவனம் வேண்டும். 500 கிராம் பொருளை ஒரு டன்னில் நேராகப் போட்டால் ஒரு குட்டிக்கு இரட்டிப்பும் மற்றதற்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 5 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 25 கிலோவில் கலந்து, பிறகு கலவை இயந்திரத்தில் விடுங்கள். தானியம் முதலில், சேர்ப்புகள் நடுவில், எண்ணெய் கடைசியில். எண்ணெய் முன்னால் போனால் தூள் உருண்டை கட்டும்.

சேர்க்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒன்று என்று எடுத்தால் போதும். இரைப்பைக்குப் பென்சோயிக் அமிலம் 5 கிலோ, கிருமியின் தீனியைக் கட்டுப்படுத்தக் குறைந்த புரதமும் கரையாத நாரும், இடம் பிடிக்கப் பேசில்லஸ், மீட்புக்குப் பூச்சு பியூட்டிரேட். மூன்று அமிலப் பைகளைச் சேர்ப்பது வாசலில் மூன்று காவலாளிகளை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவதுபோல.

இவை எதுவும் ஆன்டிபயாடிக்குக்கு ஈடாக நோயைக் குணப்படுத்தாது. காய்ச்சலும் சாவும் தொடங்கிவிட்ட கூண்டில் கால்நடை மருத்துவர், கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்ற உணர்திறன் சோதனை பார்த்துத் தரும் மருந்தே வழி. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தன்போக்கில் கொடுக்காதீர்கள். அது மனித மருத்துவத்தில் கடைசிக் கையிருப்பு. அதற்கு அடங்காத தன்மையைக் கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவவைக்கும் எம்சிஆர்-1 மரபணு 2015-ல் சீனாவில் கண்டறியப்பட்டபோது பன்றிகளிலும் இருந்தது.

புதுப் பொருள் பலிக்கிறதா என்று அறிய, ஒரே நாளில் பிரித்த குட்டிகளை எடையால் சமமாகப் பிரித்து, பாதிக் கூண்டுகளுக்கு அந்தப் பொருளும் மீதிக்கு அது இல்லாத அதே தீவனமும் கொடுங்கள். தினமும் காலையில் மலத்துக்கு மதிப்பெண்: இறுகியது 0, மெத்தென்றது 1, கூழ் 2, தண்ணீர் 3. பிரித்த நாளும் 14-ம் நாளும் எடை போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். எல்லாக் கூண்டுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, ‘போன தடவையைவிடப் பரவாயில்லை’ என்று சொல்வதில் பொருள் பலித்ததா, குளிர் விட்டதா என்று தெரியாது. பிரித்த முதல் வாரம் தரைமட்டத்தில் 28–30 டிகிரி சூடு இல்லாமல், ஊதைக்காற்று அடிக்கும் கூண்டில் எந்தப் பையும் தன் பலனைக் காட்ட முடியாது.

பிரித்த நாலைந்து வாரத்தில் குட்டியின் இரைப்பையும் குடலும் தாமே வேலையை ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்மாவை இரண்டாம் வாரத்தோடும், குறைந்த கால்சியத்தையும் குறைந்த புரதத்தையும் இரண்டு மூன்று வாரத்தோடும் நிறுத்துங்கள். அமிலத்தை 25 கிலோ எடை வரை தொடரலாம். தீவனம் மாற்றும் நாளில் எல்லாச் சேர்ப்புகளையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் கழிச்சல் திரும்ப வரும். பழையதையும் புதியதையும் நாலைந்து நாள் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்து மாற்ற வேண்டும்.